பள்ளத்து வயலில் மீன் குளம் வெட்டுவதா, கறவை மாடு வாங்குவதா?

வெண்ணாற்றங்கரையான் (நீடாமங்கலம் வட்டம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு ஒன்பது மா நிலம் இருக்கிறது. அதில் ஆறு மா நல்ல நிலம். குறுவையும் தாளடியுமாக இரண்டு போகம் எடுத்துவிடுகிறோம். மீதி மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், சுற்றியுள்ள வயல்களைவிட முக்கால் அடி பள்ளம். ஐப்பசியில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் மழை பிடித்தால் அங்கே நட்ட சம்பா தண்ணீருக்குள் போய்விடுகிறது. கடந்த ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை பயிர் அழுகியது. அதில் இரண்டு முறை மறுநடவு செய்து, அறுவடையில் நாற்றுக் கூலிக்குக்கூடக் கட்டவில்லை.

இந்த ஒரு ஏக்கரைக் குளமாக வெட்டிக் கெண்டை வகை மீன்களை வளர்க்கலாம் என்பது என் எண்ணம். என் மனைவியோ, குளம் வெட்டும் பணத்தில் நான்கு கலப்பினக் கறவை மாடுகளை வாங்கி, அந்த நிலத்தில் தீவனப்புல் போட்டுக்கொண்டால் மாதா மாதம் கையில் காசு புரளும் என்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதால் மூன்று மாதமாக முடிவெடுக்க முடியாமல் இருக்கிறோம்.

எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு எட்டாகும். வீட்டில் மனைவியும் எழுபது வயது அம்மாவும் இருக்கிறார்கள். மகன் திருச்சியில் படிக்கிறான். சீட்டு எடுத்த வகையில் கையில் மூன்று லட்சம் ரூபாய் இருக்கிறது. நாற்பதடி ஆழத்தில் ஒரு பழைய ஆழ்குழாயும் ஐந்து குதிரைத் திறன் டீசல் எஞ்சினும் உண்டு. சொந்தமாக மீனோ மாடோ வளர்த்தவர்கள், வரவையும் செலவையும் மறைக்காமல் சொன்னால் உதவியாக இருக்கும். காணொளிகளில் ஏக்கருக்கு ஐந்து லட்சம் என்று சொல்வதைக் கேட்டு எனக்கு நம்பிக்கை வருவதற்குப் பதிலாக அச்சமே வருகிறது.

மன்னைக் குளத்தான் (மன்னார்குடி) பதில்:

உங்கள் அச்சம் சரியானது. நான் ஒரு ஏக்கர் குளத்தில் ஆறு ஆண்டுகளாக மீன் வளர்க்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகளும் நட்டம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆண்டு, ஆற்றுத் தண்ணீர் வந்த மகிழ்ச்சியில் வாய்க்கால் மடையைத் திறந்து குளத்தை நிரப்பினேன். மடையில் வலை கட்ட வேண்டும் என்று தெரியவில்லை. ஒன்றரை அங்குலக் குஞ்சுகள் ஐயாயிரம் விட்டேன். தை மாதம் வலை இழுத்தபோது என் கெண்டைகள் அறுநூறுக்குச் சற்று அதிகம், நான் விடாத விராலும் கெளுத்தியும் ஒரு கூடை. வாய்க்கால் வழியே வந்த விரால் குஞ்சுகள் என் குஞ்சுகளைத் தின்றே வளர்ந்திருந்தன. அதற்குப் பிறகு கோடையில் குளத்தை வெடிப்பு விடும்வரை காயவிடுகிறேன். காயவிட முடியாதவர்கள் இலுப்பைப் புண்ணாக்கு போடுகிறார்கள். ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கும் ஏக்கருக்கு ஒரு டன் அளவு தேவைப்படும். அதன் நஞ்சு மூன்று வாரத்தில் தணிந்து எருவாகிவிடும் என்பதால், அதற்குப் பிறகே குஞ்சு விட வேண்டும். குஞ்சும் மூன்று, நான்கு அங்குல விரலிகளாக இருக்கட்டும். அணைக்கரைப் பக்கத்துக் குஞ்சுப் பொரிப்பகங்களில் சிறு குஞ்சு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், பறவைக்கும் பாம்புக்கும் போனது போக மிஞ்சுவதைக் கணக்கிட்டால் விரலியின் விலைதான் குறைவு.

இரண்டாம் ஆண்டு நடந்தது வேறு. ஐப்பசியில் மூன்று நாள் வெயில் முகமே காட்டவில்லை. நானோ எரு போடும் முறை தவறாமல் முந்தின நாள் மாலை பத்துக் கூடை சாணத்தைக் கரைத்து விட்டிருந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனவன், குளத்துப் பக்கமிருந்து நூறு பேர் சேர்ந்து கஞ்சி உறிஞ்சுவதைப் போன்ற ஓசையைக் கேட்டு விளக்கை அடித்தேன். குளத்தின் மேற்பரப்பு முழுவதும் திறந்து மூடும் வாய்கள். கட்லாக்கள் முதலில் சாய்ந்தன. எஞ்சினைத் தூக்கிவந்து, குளத்துத் தண்ணீரையே இறைத்து மேலிருந்து அடிக்கத் தொடங்குவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. பகலில் பாசி உயிர்வளியை உண்டாக்குகிறது. இரவில் அதே பாசியும் மீனும் அழுகும் சாணமும் அதைச் செலவழிப்பதால் விடியலுக்கு முன்புதான் அளவு மிகவும் குறைந்திருக்கும் என்பதை, நானூறு கிலோ மீனைக் குழி தோண்டிப் புதைத்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இப்போது மூடாக்கு நாட்களில் தீவனமும் சாணமும் நிறுத்திவிடுவேன். கையை நீருக்குள் நேராக விட்டுப் பார்ப்பது என் தினசரி வழக்கம்: முழங்கை அளவில் உள்ளங்கை மறைந்தால் நீர் சரியாக இருக்கிறது, மணிக்கட்டிலேயே மறைந்தால் பாசி மிகுதி, எருவை நிறுத்த வேண்டும், தோள்வரை விட்டும் விரல் தெரிந்தால் குளத்தில் மீனுக்கு இரையில்லை.

மூன்றாம் ஆண்டுக் கணக்கை அப்படியே தருகிறேன். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் நாற்பது, முப்பது, முப்பது விழுக்காட்டில் மொத்தம் மூவாயிரம் விரலிகள் விட்டேன். கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிர்கால் அடியிலும் மேய்வதால் ஒன்றன் இரையில் மற்றொன்று கை வைக்காது. பத்து மாதத்தில் பிடிபட்டது 1,640 கிலோ. குளக்கரையிலேயே வியாபாரிக்குச் சராசரியாக 118 ரூபாய்க்குக் கொடுத்ததில் வரவு 1,93,520 ரூபாய். செலவில் குஞ்சு 9,000, தவிடும் கடலைப் புண்ணாக்கும் 98,000, டீசல் 14,000, சுண்ணாம்பும் சாணமும் 6,500, வலை இழுத்த கூலி 12,000. மிஞ்சியது ஐம்பத்து நான்காயிரம். அந்த ஆண்டு பக்கத்து வயலில் நல்ல சம்பா தந்ததைவிட இது இரு மடங்குக்கும் மேல். காணொளியில் சொல்லும் ஐந்து லட்சத்தில் இது எத்தனை பங்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலை நேரத்துக்கு மீன் ஒத்துவரும். காலையில் முக்கால் மணி நேரம் போதும். ஓட்டை போட்ட சாக்குகளில் தீவனத்தைக் கட்டி மூங்கில் கழிகளில் தொங்கவிட்டால், எவ்வளவு தின்றிருக்கிறது என்பது மறுநாள் சாக்கைத் தூக்கும்போதே தெரிந்துவிடும்.

மானியம் குறித்து ஒரு சொல். 2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் புதிய நன்னீர்க் குளத்துக்கு எக்டருக்கு ஏழு லட்சம் ரூபாய் என்று செலவு மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு நாற்பது விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் அறுபது விழுக்காடும் மானியமாக வைத்தார்கள். நிலம் உங்கள் மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோ இருந்தால் அது பெரிய வேறுபாடு. மண்வெட்டும் இயந்திரத்தை இறக்குவதற்கு முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் நடப்பு நிலவரத்தைக் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள். வெட்டி முடித்த குளத்தைக் காட்டி மானியம் கேட்டவர்கள் என் ஊரிலேயே இருவர் வெறுங்கையுடன் திரும்பினார்கள்.

கறவைக்காரி (பாபநாசம்) பதில்:

தம்பி, இருபத்திரண்டு ஆண்டுகளாக மாடு வைத்திருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மனைவி சொல்வதில் ‘மாதா மாதம் காசு’ என்பது உண்மை. அந்தக் காசு எப்படி வருகிறது என்பதையும் அவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என்னிடம் மூன்று கலப்பினப் பசுக்கள். எப்போது பார்த்தாலும் இரண்டு கறவையில் இருக்கும், ஒன்று வற்றியிருக்கும். கன்று போட்ட பிறகு சினை பிடிப்பது தள்ளிப்போவதும், கடைசி மாதங்களில் கறக்காமல் விடுவதும் சேர்ந்து இப்படித்தான் அமைகிறது. நான்கு மாடு வாங்கினால் நான்கும் ஆண்டு முழுவதும் கறக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டு மாட்டில் நாளொன்றுக்குப் பதினேழு லிட்டர். சங்கத்தில் கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்து விலை போடுவதில் எனக்குச் சராசரியாக 35 ரூபாய் விழுகிறது. மாதம் 17,850 ரூபாய். மூன்று மாட்டுக்கும் அடர்தீவனம் நாளைக்குப் பத்தரை கிலோ, மாதம் 9,450. வைக்கோலும் மற்றதும் 1,800. ஊசி, மருந்து 600. ஆறாயிரம் மிஞ்சுகிறது. ஆண்டுக்கு எழுபத்திரண்டாயிரம் என்று பார்த்தால் குளத்துக்காரத் தம்பியின் கணக்கைவிட அதிகமாகத் தெரியும். ஆனால் அவர் காலையில் முக்கால் மணி நேரம் என்று எழுதியிருக்கிறார். எனக்கும் என் மருமகளுக்குமாகச் சேர்த்து நாளைக்கு ஆறு மணி நேரம். ஞாயிறு இல்லை, தீபாவளி இல்லை, வீட்டில் துக்கம் நடந்த அன்றும் யாராவது ஒருவர் கறந்துதான் ஆக வேண்டும். அதைக் கூலியாக எழுதினால் ஆறாயிரத்தில் ஒன்றும் நிற்காது. மாலைக் கறவை மூன்று மணிக்கு. நீங்கள் அப்போது உரக்கடையில் இருப்பீர்கள். ஆகவே இந்தக் கேள்வியின் பாதி, உங்கள் மனைவியின் மணிக்கட்டு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதுதான். என்னுடையது பதினைந்தாம் ஆண்டில் தகராறு செய்யத் தொடங்கியது.

மடிநோயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு கறவைக்கு முன்பும் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்ப்பேன். தயிர்த் துளிபோல வெள்ளைத் திப்பி ஒட்டினால் அன்றே மருத்துவரை அழைத்துவிடுவேன். ஒரு முறை, கல்யாண வேலையில் இரண்டு நாள் துணியில் பார்க்காமல் கறந்துவிட்டோம். பன்னிரண்டு லிட்டர் கறந்த பசுவின் ஒரு காம்பு கல்லாகி, கடைசிவரை மூன்று காம்பு மாடாகவே இருந்தது. மழைக்காலத்தில் கொட்டகைத் தரை நசநசவென்று இருக்கும் நம் பகுதியில் இதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். கோமாரிக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஈரத் தரைக்கு ஊசி கிடையாது.

இன்னொன்று. அந்தப் பள்ளத்து வயலில் தீவனப்புல் போடலாம் என்று உங்கள் மனைவி நினைப்பது நடக்காது. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். அங்கே வரக்கூடியது நீர்ப்புல் மட்டும்தான். நேப்பியர் வேண்டுமென்றால் நல்ல நிலத்தில் ஒரு மாவை விட்டுக்கொடுக்க வேண்டும், அப்போது அந்த நெல்லின் வருமானத்தையும் மாட்டின் செலவில் எழுத வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், எனக்கு மாடுதான். மகள் கல்லூரிக் கட்டணம், மருந்துக் கடை, மளிகை எல்லாம் பால் பட்டுவாடாவில் ஓடியது. மீன் பணம் ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக வருகிறது. மொத்தமாக வருகிற பணம் எங்கள் வீட்டில் மொத்தமாகவே போய்விடும்.

ஓய்வுபெற்ற லஸ்கர் (வலங்கைமான்) பதில்:

மேலே எழுதிய இருவரும் தத்தம் தொழிலைச் சரியாகவே சொன்னார்கள். எனக்கு மீனும் தெரியாது, மாடும் தெரியாது. முப்பது ஆண்டு லஸ்கராக, அதாவது பாசன மடைகளைக் கவனிக்கும் பணியாளாக, வாய்க்கால் கரையில் நடந்தவன் என்பதால் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

‘சுற்றியுள்ள வயல்களைவிட முக்கால் அடி பள்ளம்’ என்று நீங்கள் எழுதிய வரியிலேயே என் கண் நின்றுவிட்டது. நம் பகுதியில் பள்ளமான நிலம் என்றால், மேலே இருக்கிற நாலைந்து பேருடைய வயல் தண்ணீர் அதன் வழியாகத்தான் வடிகாலுக்குப் போகிறது என்று பொருள். ஐப்பசியில் உங்கள் சம்பா மூழ்குவதற்குக் காரணம் உங்கள் வயல் மட்டத்தில் இருக்கலாம். வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டி, வர வேண்டிய வேகத்தில் தண்ணீர் வடியாததாகவும் இருக்கலாம். முதலில் அதைப் போய்ப் பாருங்கள். தூர் வாரினால் தீரக்கூடிய தொல்லைக்காக ஒரு ஏக்கர் நஞ்சையைத் தோண்டிவிட்டு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியும் குளம்தான் என்றால், நான்கு பக்கமும் ஐந்தடி உயரக் கரை போட்ட பிறகு மேல்வயல்காரர்களின் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் பயிர் மூழ்கும் முதல் ஆண்டிலேயே உங்கள் கரையில் மண்வெட்டி விழும். அதற்கு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை, இரவில் ஒருவர் போதும். வடிகால் பக்கம் எட்டடி அகலத்துக்கு நிலத்தை விட்டுவிட்டு, அதில் ஒரு சிறு வடிவாய்க்கால் வெட்டிக் கொடுத்துவிடுங்கள். வருவாய்த் துறையிலும் ஒரு வார்த்தை எழுத்தாகக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கரையின் உயரத்தை உத்தேசமாக முடிவு செய்யாதீர்கள். மோட்டார்க் கொட்டகைச் சுவரில் பெருவெள்ளத்தின் கறை இருக்கும். அதற்கு மேல் இரண்டடி வேண்டும். வெள்ளம் கரைக்கு மேல் அரை அடி ஏறினால் போதும், மீன் அத்தனையும் ஊருக்குச் சொந்தம்.

அடுத்தது கோடை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். இடையில் 135 நாட்கள் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. நாளுக்கு அரை சென்டிமீட்டர் ஆவியானாலும் அந்தக் காலத்தில் குளத்தில் இரண்டடிக்கு மேல் குறைந்துவிடும், ஊறிப்போவது தனி. திறப்பும் சொன்ன தேதியில் நடக்கும் என்பதில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். உங்கள் நாற்பதடிக் குழாயில் சித்திரையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மீன் பேச்சை எடுப்பது வீண். கடைமடையில், தலைஞாயிறு, கீழ்வேளூர்ப் பக்கம் குழாய்த் தண்ணீரே உப்பு. அங்கே சிலர் கொடுவா வளர்க்கிறார்கள், அது வேறு தொழில்.

புதாற்றுக்காரன் (ஒரத்தநாடு) பதில்:

ஆட்டை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். ஐந்து மாதச் சினை, ஈற்றுக்கு இரண்டு குட்டி, இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று. பணம் வேண்டிய அன்று ஒன்றைப் பிடித்து விற்றுவிடலாம். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் எங்கள் மண் செம்மண் கலந்தது, தென்னந்தோப்பில் மேய இடமும் உண்டு. ஆனால் காவிரியும் வெண்ணாறும் பாயும் உங்கள் பழைய டெல்டாவில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஆடி முதல் தை வரை எங்கு பார்த்தாலும் பயிர். அவிழ்த்துவிட்ட ஆடு பட்டியில் அடைபடும், வீட்டில் சண்டை வரும். தை அறுவடைக்குப் பிறகும் உளுந்து, பயறு முடிந்தால்தான் மேய்ச்சல். மழைக்காலத்தில் குளம்பு அழுகலும் மற்ற நோய்களும் மந்தையைப் பாதியாக்கிவிடும். பரண் போட்டு வளர்த்தால் ஈரத்திலிருந்து தப்பலாம். பரண் செலவுக்கு இருபது ஆடாவது வேண்டும், இருபது ஆட்டுக்குத் தழை வெட்ட ஓர் ஆள் வேண்டும்.

குளம் வெட்டினால், விரால் குஞ்சு தருகிறோம், வளர்த்த மீனை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி வருபவர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். நான் நாற்பதாயிரம் கொடுத்தேன். குஞ்சு வந்தது, ஒரே அளவாகப் பிரித்து விட வேண்டும் என்று யாரும் சொல்லாததால் பெரியது சிறியதைத் தின்றது, மிஞ்சிய மீனை எடுக்க வர வேண்டியவர்களின் தொலைபேசி இன்றுவரை அணைந்தே இருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வேகமாக வளரும் என்று யாராவது தலையில் கட்டப் பார்த்தாலும் வாங்காதீர்கள்; அது நம் நாட்டில் தடை செய்யப்பட்ட மீன்.

வெண்ணாற்றங்கரையான் தொடர்ந்து எழுதியது:

பதில் எழுதிய நால்வருக்கும் நன்றி. இதையெல்லாம் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கறவைக்கார அக்காவின் மணிக்கட்டு வரியில் அம்மா சிரித்துவிட்டார், மனைவி சிரிக்கவில்லை.

லஸ்கர் ஐயா சொன்னது சரிதான். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மேற்கே இருக்கும் மூன்று பேருடைய வடிமடைகள் எங்கள் வரப்பில்தான் திறக்கின்றன. இத்தனை ஆண்டும் அதை நான் வடிகாலாக நினைத்ததே இல்லை. வடிகால் வாய்க்காலும் பாதிக்கு மேல் தூர்ந்திருக்கிறது.

இப்போது எங்கள் யோசனை இது. வடிகாலுக்கு இடம் விட்டு, ஐம்பது சென்ட் மட்டும் குளம் வெட்டுவது; நான்கு மாட்டுக்குப் பதிலாக இரண்டு மாடு வாங்கி, அவற்றின் சாணத்தைக் குளத்துக்கு விட்டுத் தீவனச் செலவைக் குறைப்பது. இரண்டும் சேர்ந்து போகுமா? மீன் விற்பனைக்கு எந்த மாதம் நல்லது என்பதையும் மன்னைக் குளத்தான் அண்ணன் சொல்ல வேண்டும்.

மன்னைக் குளத்தான் பதில்:

சேர்ந்து போகும், சாணத்தின் அளவில் மட்டும் கை கட்டுப்பாடு வேண்டும். எக்டர் குளத்துக்கு ஆண்டுக்குப் பத்து டன் பச்சைச் சாணம் என்பது நான் கற்றுக்கொண்ட அளவு. ஐம்பது சென்ட் என்பது ஐந்தில் ஒரு எக்டர், ஆகவே ஆண்டுக்கு இரண்டு டன். ஒரு கலப்பினப் பசு போடும் சாணமே நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது, ஆண்டுக்கு நான்கு டன். உங்கள் இரண்டு மாட்டில் ஒரு மாட்டின் சாணத்தில் பாதி குளத்துக்குப் போதும். மீதியை நெல் வயலுக்குக் கொண்டுபோங்கள். கொட்டகையைக் கழுவும் தண்ணீர் தானாகக் குளத்துக்கு ஓடும்படி வாட்டம் வைத்துக் கட்டச் சொல்வார்கள்; பார்க்க அழகாக இருக்கும், மூடாக்கு நாளில் நிறுத்த முடியாது. கூடையில் அளந்து போடுவதே நல்லது. மேலும், சாணம் போட்டால் தீவனமே வேண்டாம் என்று எண்ணாதீர்கள். சாணத்தால் நுண்ணுயிர் இரை பெருகும், தீவனம் குறையும், அதோடு சரி. குஞ்சில் பத்து விழுக்காடு புல்கெண்டை சேர்த்துக்கொண்டால், வரப்புப் புல்லும் நீர்ப்புல்லும் அதற்குத் தீவனமாகிவிடும்.

பாதிக் குளத்தில் பாதி வருமானம்தான். என் கணக்கில் இருபத்தைந்து, இருபத்தேழாயிரம். அதற்கு மேல் யாராவது சொன்னால் கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

விற்பனையைப் பொறுத்தவரை, புரட்டாசியை மறந்துவிடுங்கள். பாதி ஊர் அசைவம் சாப்பிடாது. கார்த்திகை, மார்கழியிலும் மாலை போட்டவர்கள் வீட்டில் மீன் ஏறாது. பொங்கலுக்கு மறுநாள் கழித்துக் கரிநாளுக்கு நல்ல விலை. அதைவிட நல்ல விலை, கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது தஞ்சாவூர், கும்பகோணம் சந்தைக்குக் கடல் மீன் வரத்து குறைந்து, நம் கட்லாவுக்குக் கிலோவுக்கு முப்பது, நாற்பது ரூபாய் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். சிக்கல் எங்கே என்று கவனித்தீர்களா? விலை ஏறும் அதே மாதங்களில்தான் ஆற்றில் தண்ணீர் இல்லை. அதுவரை மீனை வைத்திருக்க ஆழ்குழாய்த் தண்ணீர் வேண்டும், டீசல் வேண்டும், வெப்பத்தில் குறைந்த நீரில் நெருக்கமாக நிற்கும் மீன் ஓர் இரவில் போய்விடாமல் பார்க்க ஆள் வேண்டும். நான் பாதி மீனைக் கரிநாளுக்கு விற்றுவிட்டு, பெரிய மீன்களை மட்டும் சித்திரைவரை வைத்திருக்கிறேன். குழாய்த் தண்ணீரை நேராகக் குளத்தில் விடாமல் கருங்கற்களின் மேல் விழுந்து தெறிக்கும்படி விடுங்கள். அடியிலிருந்து வரும் நீரில் உயிர்வளி குறைவு, இரும்பும் இருக்கலாம்.

பக்கத்து வயலில் பூச்சி மருந்து அடிக்கும் நாட்களில் உங்கள் மடை மூடியே இருக்கட்டும். நெல்லுக்கு அடிக்கும் சில மருந்துகள், குறிப்பாகப் பைரித்ராய்டு வகை, மீனுக்குச் சிறிதளவிலேயே எமன்.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். ஈர மண்ணை எலுமிச்சம்பழ அளவு உருண்டையாகப் பிடித்து மேலே எறிந்து கையில் வாங்கினால் உடையக் கூடாது. பிறகு நான்கடி ஆழக் குழி வெட்டி, மாலையில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, மறுநாள் காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். இறங்கிய அளவுக்கு மீண்டும் நிரப்பி, இன்னோர் இரவும் பார்க்க வேண்டும். முதல் இரவு காய்ந்த மண் குடிக்கும் தண்ணீர் கணக்கில் சேராது.

வெண்ணாற்றங்கரையான் எழுதியது:

நேற்று மாலை குழி வெட்டினோம். உருண்டை உடையவில்லை, களிமண்தான். ஆனால் மூன்றடி போனதுமே பக்கவாட்டில் தண்ணீர் கசிந்து, நாங்கள் நிரப்புவதற்கு முன்பே முழங்கால் அளவுக்கு நின்றது. இன்று காலையில் இன்னும் ஒரு சாண் ஏறியிருக்கிறது. குளம் தண்ணீரைத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற லஸ்கர் பதில்:

எடுத்துக்கொள்ளக் கூடாது. இது மாசி மாதம். உங்கள் வயலிலும் மேற்கு வயல்களிலும் நின்ற தண்ணீர் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. அது குழிக்குள் வருகிறது. சித்திரையில் அதே தண்ணீர் குழியிலிருந்து வெளியே போகுமா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது. குழியை மூடாதீர்கள்; ஆடு, மாடு, பிள்ளைகள் விழாமல் சுற்றி முள் வையுங்கள். சித்திரை பிறந்து ஒரு வாரம் கழித்து மீண்டும் நிரப்பிப் பாருங்கள். அதே நாளில் எஞ்சினைப் போட்டு, ஒரு மணி நேரத்தில் குழாயில் எத்தனை குடம் வருகிறது என்பதையும் எண்ணி இங்கே எழுதுங்கள். அதற்குள் அந்த மேற்கு வயல்காரர்கள் மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு போய் வடிகாலைக் காட்டிவிடுங்கள். தூர் வாரும் மனுவில் நான்கு கையெழுத்து இருந்தால் நான் மாதிரி எழுதித் தருகிறேன்.